உகாண்டாவுக்குப் போன தேங்காயெண்ணெய்

திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ சபை நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதியில் பொன்செல்வி ஆயாவாக இருக்கிறாள். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். கட்டிட வேலைக்கு வந்த கணவனோடு வந்தவள், அவன் இறந்துபோன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள்.

விடுதியில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக முன்னால் உட்காரவைத்து எண்ணெய் தேய்ப்பாள், பேன் பார்ப்பாள், சடை பின்னிவிடுவாள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டால் தானாக வரும். யார் அடித்தார்கள், அம்மா ஏன் போன் செய்வதில்லை, எல்லாம். பொன்செல்வி ‘உம்’ கொட்டுவாள். கேட்டதை யாரிடமும் சொல்லமாட்டாள்.

சபையிலிருந்து உகாண்டாவில் உள்ள ஓர் அனாதை இல்லத்துக்கு ஊழியம் செய்ய ஒரு குழு கிளம்பியபோது, பெண்கள் சங்கத் தலைவி லில்லிபாய் டீச்சர் அவள் பெயரைச் சொன்னதற்குக் காரணம் இதுதான். மற்றவர்கள் பாட்டுச் சொல்லித் தருவார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள். தாயில்லாத பிள்ளைகளின் தலையைத் தொட ஒருத்தி வேண்டாமா? சங்கமே சேர்ந்து எண்ணெய் பாட்டில்களும் பேன்சீப்புகளும் ரிப்பனும் வாங்கிக் கொடுத்தது.

போய்வந்தவர்கள் சங்கத்தில் எழுந்து நின்று, கர்த்தர் தங்களை வைத்து என்ன செய்தார் என்று சாட்சி சொல்லவேண்டும். அது அங்கே வழக்கம். அந்த நாளை நினைத்தால்தான் பொன்செல்விக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவள் எழுந்து நின்று பேசியதில்லை. செய்ததைச் சொன்னால் போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசியும் போட்டுக்கொண்டு, விமானம் ஏறினாள்.

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, வாசற்படியில் பாய் விரித்து, எண்ணெயும் சீப்பும் எடுத்துவைத்து, “வா மக்ளே” என்று கூப்பிட்டாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தன் தலையைத் தடவிக் காட்டிவிட்டுச் சிரித்தாள். ஆணும் பெண்ணும் எல்லாம் ஒட்ட வெட்டிய தலை. சபைக்கு வந்த புகைப்படத்தில் எல்லாரும் கிறிஸ்துமஸ் தொப்பி போட்டிருந்தார்கள், யாரும் யோசிக்கவில்லை.

குழுத் தலைவன் ஆன்சன், டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், தலையைச் சொறிந்தான். “அக்கா, இங்க ஸ்கூல்ல முடி வளர்க்க விடமாட்டாங்களாம்.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா மோனே? நான் இப்ப யாருக்குப் பேன் பார்க்க?”

“திரும்பக் கொண்டுபோயி மீன் பொரிக்கலாம்க்கா.”

அன்றிலிருந்து பொன்செல்விக்கு வேலை இல்லை. அவளுக்குத் தெரிந்தது தமிழும் மலையாளமும்தான். மற்றவர்கள் ஆங்கிலத்தில் பாட்டுப் பாட, அவள் பின்னால் நின்று கை தட்டினாள். சமையலறைக்குப் போனால் அங்குள்ள பெண்கள் நாற்காலி போட்டு விருந்தாளியாக உட்காரவைத்தார்கள்.

ஆன்சனுக்கே பாவமாகிவிட்டது. “நாலு பிள்ளைக தலையில ரெண்டு சொட்டு வைங்கக்கா. நான் போட்டோ எடுக்கறேன். லில்லிபாய் டீச்சர் அங்க காத்திருக்கா, கேட்டோ.”

“மொட்டைத் தலையில எண்ணெயை வச்சுப் படம் எடுத்து யாரை ஏமாத்தச் சொல்லுற?” என்றாள் பொன்செல்வி.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், இல்லத்தின் வார்டன் ஈடித் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கனத்த உடம்பு, எப்போதும் தலையில் துணி கட்டியிருப்பாள். எண்ணெய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். பிறகு துணியை அவிழ்த்தாள். உள்ளே மெல்லிய சடைகள், பாதி சவுரி, பின்னி ரொம்ப நாளாகிப் பிசிறு பிசிறாக நின்றன. திரும்பி, முதுகைக் காட்டி, கீழ்ப்படியில் இறங்கி உட்கார்ந்தாள்.

பேன்சீப்பு அந்த முடிக்குள் போகவே போகாது என்று தெரிந்தது. பொன்செல்வி விரலாலேயே ஒவ்வொரு சடையாகப் பிரித்தாள். சவுரியைத் தனியாகக் குவித்தாள். வகிடெடுத்து எண்ணெய் வைத்தாள். பாதியில் ஈடித் பேச ஆரம்பித்தாள், தன் பாஷையில். இடையில் ஒரு முறை அழுதாள். ஒரு முறை சிரித்தாள். பொன்செல்வி ‘உம்’ கொட்டினாள். பிள்ளைகள் திரும்பி வருவதற்குள் ஈடித் எழுந்து, துணியைக் கட்டிக்கொண்டு, மீதி எண்ணெயையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊர் திரும்பி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சங்கம் கூடியது. பொன்செல்வி முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“பிள்ளைகளுக்கு நான் ஒண்ணும் செய்யல்ல. அதுகளுக்கு முடி இல்ல. வார்டனுக்கு ஒருநாள் சவுரியைப் பிரிச்சுத் தலைக்கு எண்ணெய் வச்சேன்.”

பின்வரிசையில் ஒருத்தி, “அதுக்கா பிளேன் ஏறிப் போனிய? என் தலையில வச்சிருக்கலாமே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பொன்செல்வியும் சிரித்துவிட்டாள்.

லில்லிபாய் டீச்சர் சிரிக்கவில்லை. “அவ ஏதாவது சாட்சி சொன்னாளா?”

“நெறையச் சொன்னா டீச்சர். எனக்கு ஒண்ணும் விளங்கல்ல.”

“ஆன்சன் இருந்தானே, அவனை விட்டு இங்கிலீஷ்ல கேட்டிருக்கலாம் அல்லே?”

“அவ ஆன்சன்கிட்ட சொல்லல்லியே.”

டீச்சர் ஜெபம் செய்யலாம் என்று கண்ணை மூடினாள். நீண்ட ஜெபம். “அங்குள்ள பிள்ளைகளுக்கு எங்கள் சகோதரி செய்த ஊழியத்துக்காக ஸ்தோத்திரம் சுவாமி” என்று முடித்தாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

பொன்செல்வி சொல்லவில்லை. “வார்டனுக்கு, டீச்சர்” என்றாள்.

டீச்சர் கண் திறந்து அவளைப் பார்த்தாள். பொன்செல்வி இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

“அவ பேரென்ன?”

“ஈடித்.”

டீச்சர் பெருமூச்சு விட்டு மறுபடியும் கண்ணை மூடினாள். “ஈடித்துக்குச் செய்ததுக்காகவும் சுவாமி.”

“ஆமென்” என்று சொல்லிவிட்டுப் பொன்செல்வி உட்கார்ந்தாள்.