கழன்று கிடந்த ஷூ

மூன்றாம் அறை அக்காவை அருங்காட்சியகத்தில் தெரியாதவர்கள் கிடையாது. காவலுக்கு வந்து பதினெட்டு வருஷம். கால் கடுக்கிறது என்று மேலதிகாரியோடு மல்லுக்கட்டி நாற்காலி வாங்கியவள், வாய் அப்படி. அந்த நாற்காலியையும் ஒரே ஒரு ஓவியத்துக்கு எதிரில்தான் போடுவாள். பட்டுச் சட்டையும் சரிகைக் காலருமாக விறைப்பாக நிற்கிற நாலு வயசுப் பையன். யார் வீட்டுப் பிள்ளையோ, பெயர்கூடத் தெரியாது. ஒரு காலில் ஷூ, மற்றது கழன்று பாதத்தை ஒட்டிக் கிடக்கிறது. கையில் தலை தொங்கிய பூ. அக்காவின் ஒரே மகனும் நாலு வயதில்தான் காய்ச்சலில் போனான். அதனாலோ என்னவோ, காலையில் வந்ததும் இவனை, "என்னடா, இன்னிக்கும் ஒத்தக் கால் ஷூதானா?" என்று ஒரு அதட்டு அதட்டாவிட்டால் அவளுக்கு வேலை ஓடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஓவியத்தின் பக்கத்தில் புது அட்டை முளைத்திருந்தது. இறந்துபோன குழந்தையின் நினைவாக வரையப்பட்டது என்று போட்டிருந்தது. அக்காவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. இன்னொரு தடவையா? நேராகப் போய், குறிப்பு எழுதிய ஆய்வாளர் பெண்ணின் மேஜை முன்னால் நின்றாள்.

"யாரும்மா சொன்னா, இவன் செத்துட்டான்னு?"

"அதெல்லாம் அடையாளம் அக்கா. வாடின பூன்னா முடிஞ்ச ஆயுசு. ஒரு கால்ல ஷூ இல்லேன்னா, அந்தக் காலை அடுத்த உலகத்துல வச்சாச்சுன்னு அர்த்தம்."

"நல்லா இருக்கே கதை! மணிக்கணக்கா நிக்க வச்சா பூ வாடாம என்ன செய்யும்? எந்திரிம்மா, வந்து காலைப் பாரு."

கையைப் பிடித்து இழுக்காத குறை. ஓவியத்தின் முன்னால் நிறுத்தி விரலை நீட்டினாள்.

"குதிகால்ல சிவப்பா தடம் இருக்கா? இப்ப கீழ கிடக்கற ஷூவைப் பாரு. காலைவிட ஒரு விரக்கடை சின்னது. வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள புள்ள வளந்துட்டான். கடிக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டான். அடுத்ததைக் கழட்டறதுக்குள்ள யாரோ அதட்டியிருக்காங்க. செத்த புள்ளைக்குக் கால் வளருமா?"

ஆய்வாளர் அளவுகோலைக் கொண்டுவந்து, ஓவியத்தில் படாமல் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அட்டையைப் பிரித்தெடுத்தாள்.

"ரெண்டு வருஷமா இந்தப் படத்தைப் படிக்கறேன். எனக்குத் தோணவே இல்லையே. உங்களுக்கு எப்படிக்கா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எம்புள்ளையோட ஷூ வீட்டுல பீரோக்குள்ள இருக்கும்மா. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவனுக்கு அது இன்னும் சின்னதாகல."