எத்தனை தடவைதான் சொல்வாள்?

போன வாரம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கனகா! நிஜப் பெயர் அதுவல்ல — கேட்காதீர்கள். இப்போது வேறு ஊரில் டீச்சராக இருக்கிறாள்.

"அக்கா, அவன் போட்ட அப்பீலு தள்ளுபடி ஆயிருச்சுங்க்கா."

அவ்வளவுதான் சொன்னாள். பொறுக்கிய கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். மனசு நாமக்கல்லுக்கு ஓடிவிட்டது.

அங்கே ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூலில் அப்போது நாங்கள் இருவரும் டீச்சர்கள். ஹாஸ்டலில் ஒரே ரூம். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடி காய வைப்போம். பிரேயரில் ஹெட்மாஸ்டர் தும்முவதை கனகா நடித்துக் காட்டுவாள். முடிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள். சாதாரணச் சிரிப்பா அது? கீழே மெஸ்ஸில் முட்டை உரிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்! என்ன நாட்கள் அவை...

பள்ளியை நடத்தியவரின் மைத்துனன், பரீட்சைப் பேப்பர் வாங்கிப் போகும்படி ஆபீசுக்கு வரச்சொல்லி அவளைப் பலாத்காரம் செய்தான்.

மறுநாள் காலையில் என்னிடம் சொன்னாள். இருவருமாக மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்னாள். மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. சொல்லிவிட்டு வந்தால் சோறு இறங்காது.

திருச்செங்கோட்டிலிருந்து அவள் அப்பா வந்தார். மகளின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"கேசு வேண்டாஞ் சாமி. ஊட்டுல இன்னொரு புள்ள இருக்குதில்ல?"

"நா உட்டுட்டா, அவன் பண்ணுனது இல்லைன்னு ஆயிருமாங்கப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆனால் அடுத்த வாய்தாவுக்கு, எங்களுக்கு முன்னாலேயே கோர்ட் வாசலில் நின்றிருந்தார்!

வாய்தா... வாய்தா... வருஷங்கள் போயின. அவள் வேலையும் போயிற்று. ஒருவழியாக விசாரணை வந்தது. கதவைச் சாத்திவிட்டு நடத்தினார்கள். வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது.

"என்ன கேட்டாங்க?"

"ஸ்டாஃப் ரூம்ல நீங்க சத்தமா சிரிப்பீங்களாமேன்னு அவன் வக்கீலு கேட்டாருங்க்கா."

அதற்கப்புறம் பஸ்ஸில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

புகார் கொடுக்கத் தைரியம் வேண்டும் என்று பேசுகிறோம். சரி, கொடுத்த பிறகு? மறக்கத் துடிக்கிற ஒரு நாளை வருஷக்கணக்காக ஞாபகம் வைத்திருக்கச் சொல்கிறோமே — ஒரு வார்த்தை மாறினாலும் பொய்க்காரி என்கிறோமே — அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்?

கடைசியில் தீர்ப்பு வந்தது. அவனுக்குச் சிறை. அரசு வக்கீலம்மா கனகாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கனகா அழவில்லை. கோர்ட் படியில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இனிமே இத யாருகிட்டயும் சொல்ல வேண்டாமில்லைங்க்கா?"

"வேண்டாஞ் சாமி" என்றேன்.

எத்தனை வருஷம் தண்டனை என்று அவள் கேட்கவே இல்லை.