கேட்டு எடுத்த தண்ணீர்

வீடு வாங்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் கொட்டினால் திருப்தியாகத் தலையாட்டுவார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர் ஆயிரத்தில் ஒருவர். பிரெஞ்சு வம்சத்தவர்களான மரியெட் தீபோவும் அவள் கணவன் லூசியனும் கேட்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில், சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி அந்த மரவீட்டை வாங்கியபோது, கூரையைத் தட்டிப் பார்த்தார்கள், அடுப்பை எரித்துப் பார்த்தார்கள், குழாயில் ஒரு குவளை பிடித்துக் குடித்தார்கள். பல் கூசும் குளிர். "இதுக்காகவே வாங்கலாம்" என்றான் லூசியன். வாங்கிவிட்டார்கள்.

குடியேறிய முதல் வசந்தத்தில், குழாய் போகும் வழியைத் தேடி லூசியன் மேலே ஏறிப் போனான். ஊற்று வேலிக்கு அந்தப் பக்கம், ஹார்லன் விட்காம் என்ற கிழட்டுப் பண்ணைக்காரரின் நிலத்தில் இருந்தது. பத்திரத்தில் ஊற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. விற்றவனோ புளோரிடாவுக்குப் போய் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்திருப்பார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டிய லூசியனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மனைவியோடு ஹார்லனின் மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"உங்க நெலத்துலேர்ந்துதான் எங்க வீட்டுக்குத் தண்ணி வருதுங்க. வாங்கும்போது தெரியாது. எடுத்துக்கலாமா?"

ஹார்லன் ஒரு மாட்டின் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "யோவ் பிரெஞ்சுக்காரா, இதைக் கேக்கவா மலையேறி வந்தே? எடுத்துக்கய்யா. குளிச்சுத் தொலை. உங்க ஆளுங்க குளிக்கவே மாட்டாங்கன்னு ஊரெல்லாம் பேச்சு."

"குளிக்கத்தானே கேக்குறேன்" என்றான் லூசியன். கிழவர் சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஏப்ரலிலும், மேப்பிள் மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகில் முதல் டப்பா ஹார்லனுக்குப் போனது. "போன வருஷத்துது இதைவிட நல்லா இருந்துச்சு" என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவிட்டு அவர் வாங்கி வைத்துக்கொள்வார். இருபது வருடம் இப்படியே போனது. முதலில் லூசியன் செத்துப்போனான், அடுத்த குளிர்காலத்தில் ஹார்லன். ஹார்லனின் பிள்ளைகள் பண்ணையை பாஸ்டன்காரர் கெல்லருக்கு விற்றார்கள்.

கெல்லர் கெட்டவர் அல்ல. அவரும் நம்பி வாங்கியவர்தான். ஊற்றைச் சுற்றிக் குளம் வெட்டி, பக்கத்தில் விருந்தினர் வீடு கட்ட நினைத்து ஆளை இறக்கினால், அடியில் யாருடைய குழாயோ ஓடுகிறது. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் அடுத்த வீட்டுக் குழாய் என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். குழாயை எடுக்கச் சொன்னார். மரியெட் முடியாது என்றாள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது.

அவளுக்கு வேறு வழி இல்லை. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் வந்து இரண்டு இடத்தில் துளைத்துப் பார்த்து, வெறும் பாறை என்று கைவிரித்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாத வீட்டில் அவளும் இருக்க முடியாது, வேறொருவரும் வாங்க மாட்டார்கள்.

அவளுடைய வக்கீல் ஸ்டானர்ட் தெம்பாகத்தான் இருந்தார். "பதினஞ்சு வருஷம், எல்லாருக்கும் தெரியற மாதிரி, யாரையும் கேக்காம எடுத்திருந்தா, தண்ணி உங்க உரிமை. சட்டம் அப்படித்தான்."

"கேட்டுட்டு எடுத்திருந்தா?"

"அப்ப அது ஹார்லன் பார்த்துக் குடுத்த சலுகை. அவரோட போச்சு."

மரியெட் அவரையே பார்த்தாள். "அப்ப என் புருஷன் திருடியிருந்தா எனக்குத் தண்ணி உண்டு. மரியாதையா கேட்டதால இல்ல. அப்படித்தானே?"

ஸ்டானர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அங்க நடந்ததைப் பார்த்தவங்க இப்ப நீங்க ஒருத்தர்தான். பொய் சொல்லச் சொல்லல. வயசாச்சு, ஞாபகம் இல்லன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க மேடம்."

இதற்குப் பெயர் பொய் இல்லையாம்! படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவளும் அதைத்தான் சொல்வதென்று முடிவு செய்திருந்தாள். வீடு வேண்டுமே. கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தாள். ஞாபகம் இல்லைங்க.

நீதிமன்றத்தில் கெல்லரின் வக்கீல், மகள் வயதுப் பெண், இருட்டில் துழாவுகிற மாதிரிதான் அந்தக் கேள்வியைப் போட்டாள். அவளிடம் சாட்சி எதுவும் இல்லை.

"உங்க கணவர், ஹார்லன் விட்காம்கிட்ட அனுமதி கேட்காமலே தண்ணி எடுத்தாருன்னு சொல்லலாமா?"

ஆமாம் என்றாலும் போதும், தெரியாது என்றாலும் போதும். மரியெட்டின் வாய் திறந்தது. 'கேட்காமலே' என்ற சொல்லில் அவள் மனம் சிக்கிக்கொண்டது. ஊரார் உட்கார்ந்திருக்கும் அறையில், செத்துப்போன மனிதனைப் பற்றி, அவன் பெண்டாட்டியே அப்படிச் சொல்வதா?

"கேட்டாரு," என்றாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். தொப்பியைக் கழட்டிட்டுக் கேட்டாரு."

ஸ்டானர்ட் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

தீர்ப்பு வேறு எப்படி இருக்கும்? அக்டோபரில் குழாயைத் தோண்டி எடுக்கப் பொக்லைன் வந்தது. குழாய் உறையாமல் இருக்க, சமையலறைத் தொட்டியில் இரவும் பகலும் சன்னமாகத் தண்ணீரை ஓடவிடுவது அந்த வீட்டு வழக்கம். அந்தச் சத்தம் காதில் விழுவதாகவே அவள் உணர்ந்ததில்லை. அன்று பத்து மணிக்கு அது நின்றது. லூசியனை அடக்கம் செய்த நாளில்கூட வாய்விட்டு அழாதவள், தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மதியம் மகள் ஜோசி போனில் கூப்பிட்டாள். அவளுக்கு ஆற்றாமை.

"ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா வீடு நின்னிருக்குமேம்மா. அப்பாவே உசுரோட இருந்தா, சொல்லித் தொலைன்னுதான் சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருப்பாரு. எனக்காகச் சொல்லியிருப்பாரு," என்றாள் மரியெட். "ஆனா அவரைப் போய்க் கேக்கச் சொன்னதே நான்தான்டி. அவருக்கு வெக்கமா இருந்துச்சு. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."