குடிக்காதவர் எடுத்துவைக்கும் பாட்டில்

ஒயின் பாட்டிலின் தக்கையை மூக்கருகே கொண்டுபோகும்போது சேக் தாவூது உதடுகளை உள்ளே மடித்துக்கொள்வார். ஒரு சொட்டுகூட வாயில் பட்டுவிடக் கூடாது. கண்ணை மூடி ஒரே ஒரு மூச்சு. பிறகு அடுப்படிக்குப் போய் வாத்துக் குழம்பை உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்ப்பார். வாத்தை பிஸ்மி சொல்லி அறுத்ததே அவர்தான், அதனால் குழம்பில் தயக்கம் கிடையாது. மூக்கில் நிற்பதும் நாக்கில் நிற்பதும் ஒத்துப்போனால் தலை ஒருமுறை ஆடும்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியின் பங்களா இருக்கிறது. சாரல் காலத்தில் துரைமார் மலையிலிருந்து அங்கே இறங்கி வருவார்கள். ஊருக்கெல்லாம் மதுவிலக்கு, அவர்களுக்கு மட்டும் பெர்மிட். தென்காசிக்காரரான தாவூதுக்கு அங்கே இருபது வருஷமாக பட்லர் வேலை. ஐந்து வேளையும் தொழுகிறவர். எந்தக் கறிக்கு எந்த ஒயின் என்று எடுத்துவைப்பதும் அவரேதான். பள்ளிவாசலில் யாராவது முகம் சுளித்தால், "ஊத்துததுக்கு அல்லாட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன். குடிச்சதில்ல, அவ்வளவுதான்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பாட்டிலின் தோளைப் பார்ப்பார். தோள் தூக்கியிருந்தால் கிளாரெட், சரிந்திருந்தால் பர்கண்டி. இரண்டும் சிவப்பு ஒயின்தான். மணத்தை வைத்து அவர் போட்ட கணக்கில் முதலாவது கொட்டைப்பாக்கு, அடுத்தது நாவற்பழம். ஒல்லியாக வளர்ந்த வெள்ளை ஒயின் பாட்டிலுக்கு நார்த்தங்காய் என்று பெயர்.

"கொழுத்த ஆட்டுக்குப் பாக்குத் துவர்ப்பு வேணும்லா? நாக்குல ஒட்டுத நெய்ய அதுதான் வழிக்கும்" என்று சமையல்காரர் சுடலைக்கண்ணுவுக்கு விளக்குவார். "பாலு ஊத்தி வேகவச்ச கோழிக்கு அதக் குடுத்தா கோழி செத்துரும்."

"அது ஏற்கெனவே செத்துதான அண்ணாச்சி கெடக்கு" என்பார் சுடலைக்கண்ணு.

இவ்வளவு ஞானமும் ஒரு அவமானத்தில் பிறந்தது. தென்காசியில் ஒயின் என்றால் பிள்ளைபெற்றவளுக்கு டாக்டர் எழுதித் தரும் டானிக். வேலைக்குச் சேர்ந்த வருஷம், வறுத்த ஆட்டுத்தொடையைத் தின்று முடித்த நாலு துரைமாருக்கு ஆளுக்கு அரை அவுன்ஸ் இனிப்பு ஒயினை மருந்து கிளாஸில் அளந்து கொடுத்துவிட்டார். அவர்கள் சிரித்த சிரிப்பு அவருக்கு இன்னும் காதில் கேட்கிறது. அன்று முதல் சாப்பிடுகிறவர்களின் கையைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு வாய் கறி, ஒரு மடக்கு ஒயின். அதன்பின் கை மறுபடியும் கறிக்குப் போனால் பொருத்தம் சரி. தண்ணீருக்குப் போனால் தப்பு.

இந்தச் சாரலுக்குக் கொச்சியிலிருந்து கம்பெனியின் புது டைரக்டர் வந்தார். பங்களாவில் ஆள் குறைக்கத்தான் வருகிறார் என்று பேச்சு. தாவூதுக்குப் பயம்தான், அதை மறைப்பானேன்? இந்த வயதில் வேறெங்கே போய் மோந்து பார்ப்பது?

விருந்துக்கு வாத்து. கிளாரெட் வை என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். தாவூது எதிர்த்துப் பேசவில்லை, அதையே ஊற்றினார். டைரக்டர் வாத்தைத் தின்றார், கிளாரெட்டைக் குடித்தார், தண்ணீரை எடுத்தார். மறுபடியும் அதே மாதிரி. மூன்றாம் முறை அவர் கிளாஸுக்குக் கை நீட்டுவதற்குள், புதுக் கிளாஸில் நாவற்பழத்தை ஊற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டார் தாவூது.

டைரக்டர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். இதை எடுத்தது யார் என்று கேட்டார். தாவூது என்றும், அவர் குடித்ததே இல்லை என்றும் தோட்டத்துத் துரை பெருமையாகச் சொல்லித் தொலைத்தார்.

"குடிக்காமல் எப்படித் தெரியும்?" டைரக்டருக்குத் தோட்டத் தமிழ் வரும். தன் கிளாஸை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "குடி. குடிச்சுட்டுச் சொல்லு. இல்லேன்னா இந்த மாசத்தோட போ."

அடுப்படி வாசலில் சுடலைக்கண்ணு கரண்டியோடு நின்றுவிட்டார்.

தாவூது கிளாஸை இரண்டு கையாலும் எடுத்தார். மெதுவாக அதை டைரக்டரின் தட்டருகே திரும்ப வைத்தார்.

"குடிக்க மாட்டேன் தொரை. மாசக் கடைசில போயிக்கிடுதேன்" என்றார். "நான் நாக்க வச்சுச் சொல்லல, தொரையோட கைய வச்சுத்தான் சொல்லுதேன். மொதக் கிளாஸுக்கு ரெண்டு தடவ தண்ணிக்குப் போச்சு. இதக் குடிச்ச பொறவு போகல."

டைரக்டர் தன் கையைப் பார்த்தார். அது முள்கரண்டியைப் பிடித்தபடி வாத்தின்மேல் இருந்தது. அவர் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு மென்றார், குடித்தார், அடுத்த துண்டை வெட்டினார். பிறகு, தலையைத் தூக்காமலே, காலிக் கிளாஸைத் தாவூதின் பக்கம் நீட்டினார்.

தாவூது அதை நிரப்பினார். திரும்பிப் போகும்போது, டைரக்டரின் முன்னால் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு போனார்.