கஞ்சி கணக்கில் வராது

சாம்பல் புதன் பூசை முடிந்து, நெற்றியில் பூசிய சாம்பலோடு வீட்டுக்குள் வந்த என் வீட்டுக்காரர், "நாப்பது நாளு இனிப்பே தொடமாட்டேன். டீயில கூட சர்க்கரை வேணாம்" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆறு வருஷமாக டாக்டர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியும் கேட்காத மனுஷன். பேண்ட் பாக்கெட்டில் மைசூர்பாகை ஒளித்து வைத்து, எறும்பு மொய்த்து என்னிடம் மாட்டிக்கொண்டவர். அவர் வாயைக் கட்டுவாராம், அதை நான் நம்ப வேண்டுமாம்!

ஆனால் இந்தத் தடவை எனக்குள் பயமும் இருந்தது. அவர் இடது கால் விரலில் ஷூ கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. அவர் அப்பாவுக்கும் இப்படி ஒரு விரலில்தான் ஆரம்பித்தது. முப்பது வருஷம் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த கால், கடைசியில் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனது. "ஈஸ்டருக்குள்ள சர்க்கரை இறங்கலன்னா விரலை எடுக்கறதைப் பத்தி யோசிக்கணும்மா" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

விடியற்காலை எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூர் போகிறவர், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நடுவில் அவர் என்ன தின்கிறார் என்று யார் கண்டது? வந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பேன். நெய் வாசனை வருகிறதா, ஏலக்காய் வருகிறதா? டிபன் பாக்ஸைத் துழாவுவேன். ஒரு நாள் கைக்குட்டையில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுவென்று என்னவோ ஒட்டியிருந்தது.

"இது இன்னாங்க?"

"ஜிலேபி. ரயில்ல கூட வர்றவரு பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்காரு, எல்லாருக்கும் குடுத்தாரு. என் பங்கை பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட குடுத்துட்டேன்."

"ஆமாமா, நான் காதுல பூ வெச்சிருக்கேன் பாருங்க."

விட்டேனா? ஜிலேபி கொடுத்த மனிதருக்கே போன் போட்டேன். "அண்ணி, சத்தியமா அண்ணன் தொடவே இல்ல" என்றார். இவர்தான் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒருசந்தி மட்டும் ஒழுங்காகவே நடந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் முழுவதும் மத்தியானம் ஒரு வேளைதான் சாப்பாடு. காலையிலும் ராத்திரியிலும் கஞ்சி குடிக்கலாம். கஞ்சி கணக்கில் வராது. பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஒரு சொம்பு கொடுப்பேன். சந்தேகம் ஒரு பக்கம் இருந்தாலும், பட்டினி கிடக்கிற மனுஷன் ஆயிற்றே!

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, முன்னைவிட ஏறியிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"கேளுங்க டாக்டரம்மா! நாப்பது நாளு விரதம்னு ஊரையே ஏமாத்திக்கினு, ரயில்ல உக்காந்து ஜிலேபி துன்னிருக்காரு!"

அவர் தலையைக் குனிந்து கால் புண்ணுக்குப் போட்ட கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைக் கையமர்த்திவிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன சாப்பிடுகிறார் என்று அவரிடமே கேட்டார்.

"மத்தியானம் இவ கட்டிக் குடுக்கற சாப்பாடு. காலையில, ராத்திரியில கஞ்சி."

"என்ன கஞ்சி?"

அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காப்பாலு..."

"அப்புறம்?"

"வெல்லம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தினமும் ரெண்டு வேளையுமாம்மா?" என்றார். ஆள் இளைக்கிறாரே என்று இரண்டாவது வாரத்திலிருந்து இன்னும் அரைக் கட்டி வெல்லம் கூடப் போட்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். விரலுக்கு இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அழுகையை அடக்க முடியவில்லை.

"வெல்லம் போடறது தெரியும் இல்ல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"விரதக் கஞ்சி இன்னா பண்ணிடும்னு நெனச்சேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அதுவும் நீ குடுத்தது வேற" என்றார்.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வந்தோம். கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தவர் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. நான் அவர் சட்டையை மோந்து பார்ப்பது போலவே, டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக மோந்து பார்த்தார்.

அப்புறம்தான் குடித்தார்.