கிணறு மட்டும் தெளிந்த படம்

மங்கலாகப் பிடித்த படத்தைப் பிறகு தெளிவாக்கிவிடலாம் என்று நம்பி, கந்தோருக்கு லீவு போட்டு, நாலு மத்தியானம் குசினி யன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு உள்ளே வியர்த்தவன் நான். படிக்காதவன் என்றால் மன்னிக்கலாம். படித்ததனால் வந்த வினை.

நூலகத்தில் ஓர் ஆங்கிலச் சஞ்சிகை. கமராவில் படம் பதியும் தட்டுக்கு முன்னால் ஈயின் கண்போல நூற்றுக்கணக்கான குட்டி வில்லைகளை வைத்தால், ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் பதியுமாம். கிட்ட இருப்பது தெளிய வேண்டுமா, தூர இருப்பதா என்று படம் பிடித்த பிறகு ஆறுதலாகத் தீர்மானிக்கலாமாம். ‘என்றாவது ஒருநாள்’ என்றும் போட்டிருந்தது. அந்த வரியில் என் கண் நிற்கவில்லை. என் கையில் இருந்த கமராவுக்கு ஒரே ஒரு வில்லைதான் என்பதும் உறைக்கவில்லை.

அக்காவுக்கு அப்போது முப்பத்து மூன்று. நாலு சம்பந்தத்துக்குப் படம் போய், நாலும் திரும்பி வந்திருந்தது. ஐந்தாவது மாப்பிள்ளை கிளிவெட்டிக்காரர்; துறைமுகப் பக்கம் அறை எடுத்துத் தங்கி உத்தியோகம் பார்த்தவர். வெள்ளிக்கிழமைக்குள் படம் வேண்டும் என்று தரகர் சொல்லிவிட்டார்.

“இதுதான் கடைசி, தம்பி. இனி ஒருத்தருக்கும் முன்னால சீலை உடுத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது,” என்றாள் அக்கா. கோபமில்லை. சோறு வடித்துவிட்டு வந்த களைப்பு.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு வளவில், முருங்கை நிழலில் கதிரை போட்டு அக்காவை இருத்தினேன். கமரா இரவல், கூட வேலை செய்தவர் ஒரு ஜெர்மன் கப்பற்காரனிடம் வாங்கியது. சுருளில் மிச்சம் ஒரே படம். மற்றதையெல்லாம் கப்பல்களுக்குச் செலவழித்திருந்தேன். ஆகவே மிகக் கவனமாக, கந்தோர் நாடாவால் அளந்தேன். சரியாகப் பத்து அடி. வில்லையின் வளையத்தையும் பத்தில் நிறுத்தினேன். வளையத்தில் இருந்த பத்து அடியல்ல, மீற்றர் என்பது படத்தைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது.

அக்கா புகையாக இருந்தாள். அவளுக்குப் பின்னால், தூரத்துக் கிணறு கல்லில் செதுக்கியதுபோல இருந்தது.

“பயப்படாதேங்கோ அக்கா, பிறகு திருத்தலாம்.”

படம் பெருப்பிக்கும் கருவியையும் இரவல் வாங்கி, குசினியை இருட்டாக்கி, அதன் வில்லையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினேன். பிலிமில் இருந்த தூசி தெளிந்தது. அக்கா தெளியவில்லை. தேத்தண்ணி போட வழியில்லாமல் அம்மா வெளியே நின்று கதவைத் தட்டினாள்.

கடைசிப் பிரதியை அக்கா வாங்கிப் பார்த்தாள்.

“இதில நான் எங்கயடா?” என்றாள். பிறகு, “சரி, அனுப்பு. வயசாவது தெரியேல்லை.”

அடுத்த கிழமை மாப்பிள்ளை தானே வந்தார். தேத்தண்ணி குடித்தார், வளவைச் சுற்றிப் பார்த்தார், சம்மதம் என்றார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடிந்து எங்கள் வீட்டுக்கே குடிவந்தார்.

மங்கலான முகம் ஆவலைத் தூண்டியது, அதனால்தான் மனிதர் நேரில் வந்தார் என்று பல வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அத்தான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது அவரிடமே சொன்னேன்.

“படத்தில உங்கட அக்காவை ஆர் மச்சான் கண்டது?” என்று அவர் அடுத்த வாளியைத் தலையில் ஊற்றினார். “கிணறு வடிவாத் தெரிஞ்சது. என்ர அறைக் கிணத்துத் தண்ணி ஒரே உப்பு. இது நல்ல தண்ணியோ எண்டு பார்க்கத்தான் வந்தனான்.”