கதவுக்காரர் வீட்டுக் கதவு

என் வீட்டில் கதவு மாட்ட வந்த தச்சர், காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலை எடுத்துக் கீல் பக்கத்து இடுக்கில் வைக்கிறார். கதவை மெல்லச் சாத்துகிறார். பென்சில் நெரிகிற சத்தம் கேட்டதும் முகம் சுண்டிப் போகிறது. "பாத்தீங்களா சார்? எல்லாரும் கைப்பிடிப் பக்கம்தான் பயப்படுவாங்க. கடிக்கறது இந்தப் பக்கம்!" உடனே பையிலிருந்து நீளமான ரப்பர்ப் பட்டை ஒன்றை எடுத்து அந்த இடுக்கை மூடி அடிக்கிறார். நான் கேட்கவே இல்லை. இடுக்கில் விரலை விடுகிற வயதில் என் வீட்டில் யாரும் கிடையாது. சொன்னால் காதில் வாங்கினால்தானே!

எங்கள் தெருவில் இவருக்குக் கதவுக்காரர் என்றுதான் பெயர். மேசை, நாற்காலி எதையும் தொட மாட்டார். "மேசை சும்மா நிக்கும் சார். கதவு அப்படியா? நாள் பூரா வேலை பாக்கணும்" என்பார். இவர் மாட்டிய கதவைச் சுண்டுவிரலால் தள்ளினால் போதும், மூச்சுக் காட்டாமல் போய் நிலையில் உட்காரும். எங்காவது கிறீச்சென்றால் அன்றைக்கு மனிதருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் பெருமைதான் ஏழு மாதத்துக்கு முன்னால் காலை வாரிவிட்டது. இவர் வீட்டுக்கு மைத்துனர் வந்திருந்தார். "மச்சான், கண்ண மூடிக்கோ. நான் எப்ப சாத்தினேன்னு சொல்லு பாக்கலாம்" என்று இவர் ஆரம்பித்தார். மச்சானும் கண்ணை மூடிக்கொண்டார். கதவு சொன்னபடி சத்தமில்லாமல்தான் போயிற்று. எட்டு வயது மகள் அறைக்கு உள்ளே கீலோரம் கை வைத்து நின்றிருந்தது யாருக்கும் தெரியவில்லை. அவள் போட்ட அலறல் என் வீடு வரைக்கும் கேட்டது.

வலது கை மோதிர விரல். நகம் பிய்ந்து, நுனி எலும்பில் விரிசல், ஐந்து தையல். என் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தவள் பாதி வழியில் நிறுத்திவிட்டு, "அப்பா, கதவு உடஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டாள். இதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பிப்பார். முடிப்பதற்குள் "தூசு சார்" என்று மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

மறுநாள் காலை முதல் வேலையாக வீட்டின் உள்கதவுகளை ஒன்று விடாமல் கழற்றிக் கொல்லைப்புறக் கொட்டகையில் அடுக்கினார். "பாத்ரூம் கதவையுமா?" என்று அவர் மனைவி வாயைப் பிளந்தார். அதையும்தான்! அங்கே ஒரு பெட்ஷீட் தொங்கியது. உள்ளே இருப்பவர் ஏதாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த அம்மாவுக்குப் பாட்டு வராது. பதினாறாம் வாய்ப்பாடு கேட்டால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். "ஊருக்கெல்லாம் கதவு போடறாரு. என் பொழப்பு பெட்ஷீட்டுக்குப் பின்னாடி ஓடுது" என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி வந்த மைத்துனர் ஒரு தடவை பெட்ஷீட்டைப் பார்த்தார். அவசர வேலை என்று மத்தியானமே கிளம்பிவிட்டார்.

விரல் நன்றாகவே தேறியது. நகம் கொஞ்சம் சாய்வாக முளைத்தது, அவ்வளவுதான். காலையும் மாலையும் முப்பது தடவை மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். எதிரே அப்பாவும் உட்கார்ந்து தன் விரலை மடக்குவார். "அப்பா, நீ ஏமாத்தறே. முழுசா மடக்கு" என்று மகள் அதட்டுவாள். பள்ளிக்கூடத்தில் அந்த விரலுக்கு ஏக மவுசு. தொட்டுப் பார்க்கலாமாம், ஆனால் கை கழுவிவிட்டு வர வேண்டுமாம். அவள் எல்லாவற்றையும் மறந்தாயிற்று. இவருக்குத்தான் பக்கத்து வீட்டில் கதவு அறைந்தாலும் தூக்கிவாரிப் போடும்.

போன வாரம் வந்தது வம்பு. மகளுக்கு ஓர் உயிர்த்தோழி கிடைத்திருக்கிறாள். இருவருக்கும் பேசித் தீராத ரகசியங்கள். "என் ரூமுக்குக் கதவு வேணும்" என்றாள். "ரெட்டைத் திரை போட்டுத் தரேன் கண்ணு" என்று கெஞ்சினார் இவர்.

"துணியெல்லாம் கதவாப்பா? கதவுக்காரர் பொண்ணுக்குக் கதவே இல்லன்னு அவ சிரிக்கறா."

"வேணாம்மா. அப்பாவுக்குப் பயமா இருக்கு."

"எனக்கு இல்லியே!"

இவர் மசியவில்லை. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். முதல் நாள் சமாளித்தார். இரண்டாம் நாள் யார் வீட்டிலோ கீலைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்தார். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, என்னைக் கூப்பிட்டார். "ஒரு கை பிடிங்க சார்."

கொட்டகையிலிருந்து கதவைத் தூக்கி வந்து நிறுத்தினோம். நான் தாங்கிக்கொள்ள, அவர் திருகாணிகளை முடுக்கினார். ரப்பர்ப் பட்டை ஒன்றுக்கு இரண்டாக அடித்தார். வேலை முடிந்து அரைமணி நேரம் ஆகியும் கதவை விட்டு நகரவில்லை. எண்ணெய் விட்டார், துடைத்தார், மறுபடி எண்ணெய் விட்டார். தோழி அறைக்குள் வந்து உட்கார்ந்தாயிற்று. மகள் கைப்பிடியை உள்ளிருந்து பிடித்தாள். இவர் வெளியிலிருந்து கதவின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

"நான் சாத்தறேம்மா."

"நானே சாத்திக்கறேன். நீ கைய எடுப்பா, நசுங்கிடப் போகுது" என்றாள் அவள். அவர் எடுக்கவில்லை. அவளே ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஒரு சத்தமும் வரவில்லை. இவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் கிசுகிசுவென்று ஆரம்பித்தார்கள். உடனே நின்றது.

"அப்பா, போயிட்டியா?"

"போயிட்டேம்மா" என்றார், நெற்றியைக் கதவின் மேல் சாய்த்தபடி.